மூக்குக்கண்ணாடிக் கொக்கி

கொட்டுகிற மழையில், முன்பின் தெரியாத ஊரின் நடுத்தெருவில், கையில் பட்டன் பொட்டலத்தோடு தையல்காரம்மாவை நிறுத்திவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன் என்று போன வாரம் பலருக்குக் கோபம். நியாயமான கோபம்தான். இதோ, இல்லத்தின் வாசலுக்கு அவளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். முழுக்க நனைந்திருக்கிறாள், ஆனால் பட்டன்கள் பத்திரம்.

இந்த வாரம்தான் முதல்முறையாக எட்டிப்பார்க்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சபையிலிருந்து பன்னிரண்டு பேர் கடல் கடந்து ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு ஊழியம் செய்ய வந்திருக்கிறார்கள். பாட்டு, கதை, விளையாட்டு, மருத்துவ உதவி என்று எட்டு நாள் முகாம். குழுவுக்குத் தலைவி தையல்காரம்மாவின் தங்கை. பிள்ளைகளின் கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட், தையல்காரம்மாவின் ஒரே மகள். போன வருடமே மகள் கேட்டாள். அம்மா முடியாது என்றாள். இந்த வருடம், "நானும் வர்றதா இருந்தா சரி" என்றாள். அப்படித்தான் தையல்காரம்மா, ஒரு டப்பா நிறைய நூல்கண்டோடு ஊழியக்காரி ஆனாள்.

இன்று எட்டாம் நாள். நாளைக் காலையில் விமானம்.

மழைக்கோட்டை எங்கே போடுவது என்று பார்த்தாள். விருந்தாளிகளின் கோட்டுகள் போடுகிற நீளப் பெஞ்சு நிரம்பி வழிந்தது. அதனால் நடைக்குள் திரும்பினாள்.

அந்த நடையின் சுவரில் ஒரு நீளப் பலகை, பலகையில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கிக்கும் மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படம். இல்லத்துக்கு வருகிற பிள்ளைகள் வெவ்வேறு திசையிலிருந்து, வெவ்வேறு பாஷையோடு வருகிறவர்கள். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அங்கே பெயர் எழுதும் வழக்கம் இல்லை, படம்தான். படமே கூப்பிடுகிற பெயராகவும் ஆகிவிடும். குடை, ஆமை, கடிகாரம், தேனீ என்று பதினாறு பிள்ளைகள். சமையல்காரருக்குக் கரண்டி. காப்பாளர் அம்மாவுக்குச் சாவிக்கொத்து. கொக்கி கிடைத்துவிட்டால் அந்த ஆள் அந்த வீட்டு ஆள். எட்டு நாள் வந்துபோகிறவர்களுக்குப் பெஞ்சுதான்.

வரிசையின் கடைசியில் நேற்றுவரை இல்லாத ஒரு கொக்கி இருந்தது. புதுத் திருகாணிகள் பளபளத்தன. மேலே ஒரு மூக்குக்கண்ணாடிப் படம்.

'கண்ணாடி போட்ட பிள்ளை ஏதோ புதிதாக வருகிறது போல' என்று நினைத்துக்கொண்டே கோட்டை அதில் மாட்டப் போனாள். அப்போதுதான் கவனித்தாள். படத்திலிருந்த கண்ணாடியின் ஒரு காலில் மட்டும் நீலக் கலரில் நெருக்கமாகச் சுற்றுச்சுற்றாகக் கோடு போட்டிருந்தது.

மூன்றாம் நாள் ஆமை விளையாட்டாக இழுத்ததில் மகளின் கண்ணாடிக்கால் உடைந்தது. வேறு கண்ணாடிக்கு வழியில்லை. நீல நூலைப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, நுனியைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தவள் தையல்காரம்மாதான்.

அவள் கோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அது தரையெல்லாம் சொட்டியது.

தங்கை கூடத்தில் சாயங்கால நிகழ்ச்சிக்கு அட்டையில் மிருகங்கள் ஏறும் பேழைக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தாள். கையில் கழுத்து ஒட்டாத ஒட்டகச்சிவிங்கி.

"ஏய், இங்க வா."

"என்னக்கா இது, தொப்பலா நனைஞ்சிருக்க? முதல்ல தலையத் துவட்டு."

"தலை கிடக்கட்டும். நடையில புதுசா ஒரு கொக்கி இருக்கே, யாருக்கு?"

"கொக்கியா? எந்தக் கொக்கி?"

"கண்ணாடி போட்டிருக்கறது."

"ஓ, அதுவா? யாராவது புதுப் பிள்ளை வருதோ என்னவோ."

"புதுப் பிள்ளையோட கண்ணாடிக்கும் நான்தான் நூல் சுத்தினேனா? காதுல பூ சுத்தாத."

தங்கை திருதிருவென்று விழித்தாள். நாற்பது பேருக்கு முன்னால் மைக் பிடித்து அசராமல் பேசுகிறவள், அக்காவுக்கு முன்னால் மட்டும் இன்னும் ஏழாம் வகுப்பைத் தாண்டவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காப்பாளர் அம்மா அங்கே வந்தார். உயரமான மனுஷி, எப்போதும் வேகநடை. தையல்காரம்மாவைக் கண்டதும் நின்று, அவளுடைய ஈரமான இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டு, கண்கள் கலங்கப் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் தையல்காரம்மா, அந்தப் பாஷை தெரிந்த தங்கையிடம்.

"நன்றி சொல்றாங்க."

"அவ்வளவுதானா? அஞ்சு நிமிஷமா பேசினாங்களே?"

"அவங்க பாஷை கொஞ்சம் நீளம்க்கா."

காப்பாளர் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பில் ஏதோ குறைகிறது என்று பட்டுவிட்டது. தானே விளக்க முற்பட்டார். மாடியைக் காட்டினார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, தூங்குவதுபோலச் சாய்ந்தார். பிறகு சுவரில் தொங்கிய மாதக் காலண்டரை எடுத்து, ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு தாளும் திரும்பின. கடைசித் தாளைத் தட்டிக் காட்டி, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

இதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

"ஒரு வருஷமா?" என்றாள் தையல்காரம்மா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

காப்பாளர் அம்மா நல்லபடியாகப் புரியவைத்துவிட்ட திருப்தியில் சிரித்துவிட்டு, வந்த வேகத்திலேயே போனார்.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. அந்த ஆமைக்குட்டி இந்த எட்டு நாள்ல பதினோரு அடி நடந்திருக்கு. நம்ம பாப்பா போயிட்டா பயிற்சி நின்னுடும், மறுபடி சக்கர நாற்காலிதான். இங்க பக்கத்துல வேற ஆள் கிடையாது. அதான் ஒரு வருஷம் இருக்க முடியுமான்னு கேட்டாங்க."

"தினம் காலையில நீதானே எழுந்து நின்னு முகாம் விதியப் படிப்ப? பிள்ளைங்ககிட்ட யாரும் எந்த வாக்கும் குடுக்கக் கூடாது, வர்றேன் இருக்கேன்னு ஆசை காட்டக் கூடாதுன்னு. அது என் பொண்ணுக்குக் கிடையாதா?"

"அவ வாக்கு குடுக்கலக்கா. எங்க அம்மா சரின்னு சொன்னா இருக்கேன், அவ்வளவுதான் சொன்னா."

"என்னை யாரு கேட்டா?"

தங்கை ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எத்தனை நாளா நடக்குது? வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"அஞ்சு நாளா. நம்ம டீமுக்கு. பாஸ்டருக்குப் போன்ல சொன்னேன். அப்புறம், அத்தானுக்கு."

"சமையல்காரருக்கு?"

"அவருக்கும் தெரியும்க்கா."

அத்தான் என்பவர் தையல்காரம்மாவின் கணவர். இருபத்தெட்டு வருடமாக பஸ் ஓட்டுகிறார். எத்தனையோ வளைவுகளில் நிதானம் தவறாதவர், மனைவியின் போன் வந்தால் மட்டும் பிரேக்கைத் தேடுவார். அன்றைக்கு டிப்போ கேன்டீனில் டீயை வாயருகே கொண்டுபோன நேரம்.

"என்னங்க, உங்களுக்குத் தெரியுமா?"

"எது?"

"எதுன்னு கேக்கறதுலயே தெரிஞ்சுபோச்சு."

"இல்லம்மா, இப்ப வண்டி எடுக்கற நேரம்..."

"டீ உறிஞ்சற சத்தம் எனக்குக் கேக்குது."

அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைத்தார். "பாப்பாதான் சொல்ல வேணாம்னா. உன்கிட்ட நேரம் பாத்து சொல்லிக்கிறேன்னா. நீ கோவப்படுவேன்னு எல்லாருக்கும் ஒரு பயம்."

"பயமா? நான் என்ன அவ்வளவு பொல்லாதவளா?"

அவர் உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்துவிட்டார். கல்யாணமான ஆண்கள் இதைப் படித்தால் அந்த ஒரு நொடியின் விலை என்னவென்று அறிவார்கள்.

தையல்காரம்மா போனை வைத்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. மகள் போகிறாள் என்பதற்குக்கூட இல்லை, அது இன்னும் உள்ளே இறங்கவே இல்லை. பெற்றவளுக்குச் சொல்வதற்கு முன்னால் முன்பின் தெரியாத சமையல்காரர்வரை சொல்லியாகிவிட்டது, அவளிடம் மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை என்பதுதான் வலித்தது.

இஸ்திரி அறையின் ஓரத்தில் இல்லத்தின் பழைய தையல் மெஷின் இருந்தது. முதல் நாள் அதைத் திறந்தபோது நூல் சுற்றும் பாபின் துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, அன்றைக்கே ஓடவைத்தாள். இப்போது அதன் முன்னால் உட்கார்ந்து, வாங்கிவந்த பட்டன்களைக் கொட்டி, யாருடைய சட்டை என்றுகூடப் பார்க்காமல் தைத்துக்கொண்டிருந்தாள். தங்கையும் கூடவே வந்து, கேட்காமலேயே தரையில் உட்கார்ந்து, பிரித்த மடிப்புகளிலிருந்து நூல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தண்டனையைத் தானே போட்டுக்கொண்டாள் என்று வையுங்கள்.

கதவருகே குடை வந்து நின்றாள். ஒன்பது வயது. பதினாறு பிள்ளைகளுக்கும் நாட்டாமை. கையில் அந்த நிகழ்ச்சிக்குப் போட வேண்டிய சிங்கத்தின் வால், அறுந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் மெஷின் மேல் வைத்தாள். தையல்காரம்மாவும் ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் தைத்தாள்.

தைத்துக்கொண்டே தங்கையிடம், "இவகிட்ட ஒண்ணு கேளு" என்றாள். "அந்தக் கொக்கிய மாட்டச் சொன்னது யாரு? நான் இன்னும் சரின்னே சொல்லலையே. எந்தத் தைரியத்துல மாட்டினாங்க?"

"அக்கா, சின்னப் பிள்ளைகிட்டப் போய்..."

"கேளு. வார்த்தையக் குறைக்காம கேளு."

தங்கை கேட்டாள். குடை ஆச்சரியமாகத் தையல்காரம்மாவைப் பார்த்தாள். பிறகு கை நீட்டி, அறை முழுவதும் கிடந்த தைத்த துணிகளைக் காட்டிக் கடகடவென்று பேசினாள். தங்கை இந்த முறை ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை.

"கொக்கிய நாங்கதான் மாட்டினோம், எல்லாரும் சேர்ந்துங்கறா. அந்த அக்கா, எங்க அம்மா சரின்னு சொன்னா இருக்கேன்னு சொல்லிச்சாம். அப்பவே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இருக்கப்போறாங்கன்னு. ஏன்னா..." தங்கை அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்னா, இந்த அம்மா எதுக்கும் முடியாதுன்னு சொன்னதே இல்லையேங்கறா."

மெஷின் நின்றுவிட்டது.

குடை விரல்விட்டுச் சொன்னாள். தேனீயின் துணிக்கரடிக்குச் சட்டை கேட்டோம், தைத்தார்கள். பாக்கெட்டுக்குள் ரகசியப் பாக்கெட் கேட்டோம், காஜா எடுத்துப் பட்டனோடு வைத்துக் கொடுத்தார்கள். பொம்மைக்குத் தலையணை உறை கேட்டோம். ஆமையின் நடைவண்டிக் கம்பி குளிர்கிறது என்றோம், அதற்கும் ஓர் உறை. இப்போதுகூட வால் கொண்டுவந்தேன், யார் அறுத்தது என்றுகூடக் கேட்கவில்லை.

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பிள்ளைகள் பேசுவது ஒரு எழுத்தும் புரியாமல்தான் எட்டு நாளாகத் தலையாட்டித் தலையாட்டித் தைத்தாள். ஆனால் வீட்டில்? சைக்கிள் கேட்டபோது முடியாது. பள்ளிச் சுற்றுலா முடியாது. ஹாஸ்டல் முடியாது. வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலை, முடியாது. போன வருடம் இதே முகாமுக்கும் முடியாது. இருபத்தைந்து வருடமாக மகளுக்கு அதிகம் தைத்துப் போட்டது கவுனும் பாவாடையும் அல்ல, இந்த ஒரு சொல்லைத்தான்.

பயம் இருக்கிற இடத்தில்தான் அவளுக்கு அந்தச் சொல் வரும். கரடிக்குச் சட்டை தைப்பதில் என்ன பயம்? மகள் என்றால் எல்லாமே பயம்.

"ஏன்டி," என்றாள் தங்கையிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இவ சொல்ற அந்த அம்மா யாரு? எனக்கே பாக்கணும் போல இருக்கு."

தங்கை அக்காவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். குடை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் விஷயம் என்று வாலை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

மகள் பயிற்சி அறையில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தியதைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நீல நூல் சுற்றிய கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

"அம்மா, நானே இன்னைக்குச் சாயங்காலம் சொல்லணும்னு..."

"இருந்துட்டு வா."

"என்னம்மா?"

"ஒரு வருஷம்தானே. இருந்துட்டு வான்னு சொல்றேன். அந்தப் பிள்ளை நடக்கட்டும். உங்க அப்பாவ நான் பாத்துக்கறேன், அதாவது அவர் என்கிட்ட மாட்டிக்கிட்டு முழிப்பார். இங்க குளிரும் போல, ரெண்டு ஸ்வெட்டர் அனுப்பறேன். என்ன, அப்படிப் பாக்கற?"

மகள் சந்தோஷப்படுவாள், வந்து கட்டிக்கொள்வாள் என்றுதான் தையல்காரம்மா எதிர்பார்த்தாள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். ஆனால் அவள் முகம் வெளிறிவிட்டது. சுருட்டிய பாயின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நீ முடியாதுன்னு சொல்லுவேன்னு நினைச்சேன்ம்மா."

"அதான் சரின்னுட்டேனே."

"இல்லம்மா. உனக்குப் புரியல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நீ முடியாதுன்னு சொல்லுவேன்னு நம்பித்தான் அப்படிச் சொன்னேன். ஆமை என் கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டுச்சு. இல்லன்னு சொல்ல மனசு வரல. இருக்கேன்னு சொல்லவும் பயமா இருந்துச்சு. அம்மா சரின்னா இருக்கேன்னு வாயில வந்துடுச்சு. எப்படியும் நீ விடமாட்ட, அம்மா விடலன்னு சொல்லிட்டு அழுதுக்கிட்டே ப்ளைட் ஏறிடலாம்னு நினைச்சேன். அதான் உன்கிட்ட வரவே இல்ல. கடைசி நிமிஷத்துல கேட்டா கண்டிப்பா முடியாதுன்னுடுவ இல்ல?"

தையல்காரம்மா மெதுவாக மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த வெளியூர் ஆஸ்பத்திரி வேலை?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "தனியாப் போக பயமா இருந்துச்சு. நீ வேணாம்ன. வெளியில கத்தினேன். உள்ளுக்குள்ள நிம்மதியாத்தான் இருந்துச்சு."

"அடிப்பாவி. அதுக்கு ஒரு மாசம் என்கூடப் பேசாம இருந்தியே."

"சாரிம்மா."

அவளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டாவதைச் செய்தாள். மகள் அம்மாவின் ஈரப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பாப்பா, நிஜமாச் சொல்லு. உனக்கு இருக்கணுமா, வேணாமா?"

"தெரியலம்மா. ஒரு நிமிஷம் இருக்கணும்னு தோணுது. அடுத்த நிமிஷம் வீட்டுக்கு வந்துடணும்னு தோணுது. நீயே சொல்லும்மா. நீ என்ன சொன்னாலும் சரி."

நேற்றாக இருந்தால் இந்த ஒரு வாக்கியத்துக்காகத் தையல்காரம்மா உயிரையே கொடுத்திருப்பாள். வா, வீட்டுக்குப் போகலாம் என்றால் போதும். மகள் முழு மனதோடு வந்துவிடுவாள், நன்றியோடுகூட வருவாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பற்களை அழுந்தக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் இத்தனை வருஷம் பயந்திருக்கோம்," என்றாள் கடைசியில். "நான் சத்தமா பயந்தேன், நீ சத்தமில்லாம. இனிமே என் பேரைச் சொல்லித் தப்பிக்க விடமாட்டேன். இதை நான் சொல்ல மாட்டேன், பாப்பா."

கதவு மெல்லத் திறந்தது.

ஆமை நின்றாள். ஏழு வயதுக்கு மெலிந்த உடம்பு, நிகழ்ச்சிக்காகத் தலையில் முயல் காது. இரண்டு கைகளும் நடைவண்டியை இறுகப் பிடித்திருந்தன. கூடத்திலிருந்து இந்த அறைவரை இருபது அடிக்குக் குறையாது, பின்னால் யாரும் இல்லை, தானாகவே நடந்து வந்திருக்கிறாள். வேர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் மகளிடம் கேட்கவில்லை. நேராகத் தையல்காரம்மாவைப் பார்த்துத்தான் கேட்டாள், இரண்டே சொல்லில். ஒரு வருஷம் இங்கேயே இருப்பது சரியா என்பது முழுவதும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடக்கம். அதை எவரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

மகளும் அம்மாவைத்தான் பார்த்தாள்.

தையல்காரம்மா எழுந்தாள். ஆமையிடம் போய் மண்டியிட்டு, முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள். பிறகு அந்தச் சின்னத் தாடையைப் பிடித்து, முகத்தை மெல்ல மகள் பக்கம் திருப்பிவிட்டாள்.

"என்னைக் கேக்காத கண்ணு," என்றாள் தமிழில். "அந்த அக்காவைக் கேளு."

"அம்மா..." என்றாள் மகள்.

தையல்காரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பதில் சொல்லிவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். ஆமை நடைவண்டியை ஒரு அடி முன்னால் நகர்த்தி, மகளைப் பார்த்து அதே இரண்டு சொல்லை மறுபடி கேட்டாள்.